கைப்பக்குவம்

எங்கள் வீட்டில் யாரும் ஆறின சோறு சாப்பிட்டதில்லை. இந்த ஊர் ஜூலைக் குளிரில், கடையில் நின்று நின்று கால் வீங்கி வந்த நாட்களில்கூட ரசம் அப்போதுதான் நுரை கூடியிருக்கும், அப்பளம் அப்போதுதான் பொரிந்திருக்கும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வரப்போவதைப் படித்துவிட்டு, இவள் வீட்டைக் கவனிக்காத பெண் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நேற்று கேள்வி கேட்ட போலீஸ் அதிகாரிக்கு நான் ஆங்கிலத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கலாம். எனக்கு ஆங்கிலம் வரும். ஆனால் ரசம், தொக்கு, கஞ்சி என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதினால் ஏதோ ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி ஆகிவிடுகிறது. தமிழில் எழுதினால் மொழிபெயர்த்துத் தருவதாகச் சொன்னவர் நீங்கள்தான், கஜந்தினி. “ஆறுதலா எழுதுங்கோ அக்கா, ஒண்டுக்கும் அவசரமில்ல” என்று சொல்லித் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தீர்கள். அதை நான் குடிக்கவில்லை. தப்பாக நினைக்க வேண்டாம், அந்தக் கோப்பையில் பழைய காபி வாடை அடித்தது. என் மூக்கு அப்படி. எதையும் விடாது.

என் பெயர் தேவதர்ஷினி. திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் உளவியல் கற்பித்தவள். ஆக்லாந்துக்கு வந்த பிறகு பாட்டனி டவுன்ஸில் ஒரு துணிக்கடையில் சட்டை மடிக்கிறேன். படித்த படிப்புக்கு இங்கே பதிவு கிடைக்கவில்லை. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, சட்டையும் யாராவது மடிக்கத்தானே வேண்டும். கணவர் பிரசாத் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். மகள் மஹதிக்கு ஒன்பது வயது. பக்குரங்காவில் எங்கள் வீடு.

கல்லூரியில் நான் எடுத்த பாடம் கற்றல் கோட்பாடுகள். ஒரு பழக்கம் எப்படி ஒட்டிக்கொள்கிறது, ஏன் விடமாட்டேன் என்கிறது என்பதைச் சொல்லும் பாடம். போதைக்கு அடிமையாவது ஒழுக்கக்கேடு அல்ல, அது நன்றாகக் கற்றுக்கொண்ட ஒரு பாடம் என்று வகுப்பில் சொல்வேன். மாணவிகள் அதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்வார்கள். அப்போது எனக்குக் குடிகாரர் யாரையும் தெரியாது, அதனால் எளிதாகச் சொன்னேன்.

பிரசாத் ஆரம்பத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் குடிப்பவராக இருந்தார். நண்பர்கள் வருவார்கள், காரேஜ் கதவு கடகடவென்று மேலே போகும், ஐஸ் கட்டி கிளாஸில் விழும். நாயும் மணியும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மணியடித்துச் சோறு போட்டுப் பழக்கினால், பிறகு வெறும் மணிக்கே நாய்க்கு எச்சில் ஊறும். எங்கள் வீட்டு ஐயாவுக்கு அந்தக் காரேஜ் கதவுதான் மணி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் கார் எடுக்கக் கதவைத் திறந்தால்கூட உதட்டை நக்கிக்கொள்வார். நானே பார்த்திருக்கிறேன். பிறகு வெள்ளிக்கிழமை வியாழனுக்கு நகர்ந்தது, வியாழன் எல்லா நாளுமானது. கடைசியில் காலையில் கை நடுக்கம் நிற்பதற்காகக் குடித்தார். இன்பத்துக்காகக் குடிப்பது ஒரு பாடம், துன்பம் நீங்கக் குடிப்பது இன்னொரு பாடம். இரண்டாவதுதான் ஆழமாக இறங்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

புத்தகத்தில் வாடை இல்லை. அதைத்தான் யாரும் எழுதுவதில்லை. கம்பளத்தில் கொட்டிய பீர் எத்தனை முறை கழுவினாலும் வெயில் அடிக்கும் நாளில் எழுந்து வரும். தலையணை உறையில் புளித்த எச்சில், குளியலறைத் தொட்டியில் மஞ்சள் கோடு. அந்த வாயால் என் பெயரைச் சொல்லுவார், அந்தக் கையால் குழந்தைக்குத் தலைவாரிவிடுவார். மறுசுழற்சி வண்டி வரும் காலையில் எங்கள் மஞ்சள் மூடித் தொட்டியிலிருந்து பாட்டில்கள் விழும் சத்தம் தெருமுனை டெய்ரிக் கடை வரைக்கும் கேட்கும். எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவி என்னைப் பார்த்துப் பரிவாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு வாந்தியைவிட அருவருப்பு.

சத்தியம் செய்வார். மஹதி தலையில் கை வைத்துச் செய்வார், கோயிலில் கற்பூரத்தைத் தொட்டுச் செய்வார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று சும்மாவா சொன்னார்கள். எங்கள் வீட்டில் விடிகிற வரைக்கும்கூடத் தாங்காது.

வழி சொன்னவர் என் மாமியார் பாக்யலட்சுமி. கரூரில் இருக்கிறார், வாரம் தவறாமல் வீடியோவில் பேசுவார். ஊர்ப்பக்கம் சுவரெல்லாம் ஒரு விளம்பரம் இருக்கும், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். குடியை மறக்கடிக்கும் பொடி, அவருக்குத் தெரியாமலே உணவில் கலந்து கொடுக்கலாம் என்று எழுதி, கீழே ஒரு போன் நம்பர். எங்கள் ஊரில் பல வீட்டுப் பெண்கள் அதை வாங்கியிருப்பார்கள், ஒருத்தியும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். மாமியார் சொன்னார்.

“அவனுக்குத் தெரிய வேண்டாம்மா. ரசத்துல ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். கொமட்டிக்கிட்டு வரும், தானா விட்டுருவான். உங்க மாமாவுக்கும் கடைசி வரைக்கும் நான்தான் குடுத்தேன்.”

மாமனார் வயிறு கெட்டே போய்ச் சேர்ந்தவர். குடியால் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஊரிலிருந்து இங்கே படிக்க வந்த ஒரு பெண்ணின் பெட்டியில் பருப்புப்பொடிப் பொட்டலங்களோடு அதுவும் வந்து சேர்ந்தது. வெளுத்த பொடி, லேசாக இரும்பு வாடை. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. ஏலக்காய் இருந்த பாட்டிலில் போட்டு, அடுப்பு மேடையில் பெருங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒளித்து வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தப்பு செய்கிறவள் என்றால் ஒளித்து வைத்திருப்பேன்.

நான் அதைப் பாமரத்தனமாகச் செய்யவில்லை. குடியையும் குமட்டலையும் சேர்த்துக் கட்டினால் குடியைக் கண்டாலே குமட்டும். மருத்துவர்களே ஒருகாலத்தில் செய்த வைத்தியம் இது, ஆளைக் கேட்டு, ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்தார்கள். நான் கேட்காமல் வீட்டில் வைத்துச் செய்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் ஒரு பிசகு செய்துவிட்டேன், பாடம் எடுத்தவள் செய்யக் கூடாத பிசகு. பாட்டிலை அவரே திறப்பார், அவரே ஊற்றிக்கொள்வார். அதில் எப்படிக் கலப்பது? என் கையிலிருந்து அவருக்குப் போனது தொட்டுக்கொள்கிற பண்டம் மட்டும்தான். என்ன இருந்தாலும் வெறும் வயிற்றில் குடிக்க விடக் கூடாதே, அது நம் வீட்டு வழக்கம் இல்லையே. புருஷன் குடித்தாலும் பக்கத்தில் ஒரு தட்டு வைக்கிறவள்தான் பெண்டாட்டி. அந்த இரும்பு வாடை தெரியாமலிருக்கப் பூண்டுத் தொக்கு ஒன்றைப் புதிதாகச் செய்து, அதில் கலந்து வைத்தேன். மனிதர் ரசித்துச் சாப்பிட்டார். அரை மணி நேரத்தில் காரேஜிலேயே மண்டியிட்டார்.

வயிற்றுக்கு ஒரு நியாயம் உண்டு. பழகியதை அது மன்னிக்கும், புதிதாக வந்ததைத்தான் குற்றம் சாட்டும். எத்தனையோ வருடம் பழகிய விஸ்கியை விட்டுவிட்டு என் தொக்கைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் தொக்கைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினார். அடுத்து ரசத்தில் கலந்தேன், ரசத்தை வெறுத்தார். வத்தக்குழம்பு போயிற்று, மோர்க்குழம்பு போயிற்று. குடி மட்டும் அப்படியே இருந்தது. அலுவலகத்தில் எதை வாங்கித் தின்றாலும் செரித்தது, கோயில் அன்னதானத்தில் இரண்டு முறை கேட்டு வாங்கினார். வீட்டில் நான் கரண்டியை வாணலி விளிம்பில் தட்டுகிற சத்தம் கேட்டால் முகம் வெளிறும். நானும் விடவில்லை.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்கு அசிங்கமாக இருக்கலாம். முகம் சுளிக்காமல் மொழிபெயர்த்துவிடுங்கள்.

வாந்தி எடுத்த பிறகு அவர் வேறு மனிதராகிவிடுவார். குளியலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். நான் ஈரத்துணியால் வாயைத் துடைப்பேன், தாடியில் ஒட்டியிருப்பதை விரலால் எடுப்பேன், வாளியில் டெட்டால் கலந்து தரையைக் கழுவுவேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். “தேவி, நீ இல்லேன்னா நான் என்ன ஆவேன்” என்பார். தேவி என்று கூப்பிட்டே வருடக்கணக்காகியிருந்தது. இந்த ஊருக்கு வந்த பிறகு நான் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. கடையில் மேனேஜருக்கு என் பெயரைச் சரியாகச் சொல்ல வராது. மஹதியிடம் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். அந்த டெட்டால் ஈரத்தில், அந்த நாற்றத்தில், ஒரு ஆள் என் கையை விடமாட்டேன் என்று பிடித்திருந்தார்.

ஆரம்பத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு துடைத்தேன். போகப் போகப் பொத்துவதை மறந்தேன். பிறகு ஒரு நாள் சூப்பர்மார்க்கெட்டில் டெட்டால் பாட்டிலின் மூடியைத் திறந்து முகர்ந்தபடி நின்றேன். மனசுக்கு இதமாக இருந்தது. அது ஏன் என்று யோசிக்கவில்லை, இரண்டு பாட்டில் வாங்கிவந்தேன்.

எல்லா நாளும் அவர் அப்படி அழுவதில்லை. சில நாள் வாந்தி வராது. சில நாள் வந்தும் எரிச்சலாகக் கதவைச் சாத்திக்கொள்வார். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் எப்போதாவது கிடைக்கிற வெகுமதிதான் ஆளை மிக இறுக்கமாகக் கட்டிப்போடும். சூதாட்ட இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார்களே, அதற்கும் இதுதான் காரணம். இதை நான் வகுப்பில் எவ்வளவோ தடவை விளக்கியிருக்கிறேன். பிரசாத்தின் குடியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இங்கே ஒரு தகவலைச் சேர்க்க வேண்டும். நேற்று அதிகாரியிடம் சொல்ல விட்டுப்போயிற்று. பிரசாத் போன தீபாவளிக்கு முன்பே குடியை விட்டுவிட்டார்.

என் பொடியால் அல்ல. மஹதியை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவரும்போது காரிலேயே வாந்தி எடுத்திருக்கிறார், மற்ற பெற்றோர்கள் பார்க்க. குழந்தை பின்சீட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்ததாம். அந்த வாரமே செல்வரத்தினம் அண்ணனிடம் போனார். அவர் உங்கள் ஊர்க்காரர், யாழ்ப்பாணம். இருபது வருடத்துக்கு முன்னால் குடியை விட்டவர். விட நினைப்பவர்களைக் கூட்டி வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் தேநீர் கொடுத்துப் பேசுகிறார். பிரசாத் அங்கே போகத் தொடங்கியவர் குடியின் பக்கம் திரும்பவே இல்லை. காரேஜைக் காலிசெய்து மஹதிக்கு டேபிள் டென்னிஸ் மேசை போட்டார். சாயங்காலம் இருவரும் ஆற்றோரம் நடக்கப் போவார்கள். ஒரு நாள் என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

“இனிமே நீ எனக்காகக் கஷ்டப்பட வேண்டாம் தேவதர்ஷினி. சமையல்கூட நான் பாத்துக்கறேன். நீ படிக்கணும்னா படி.”

முழுப் பெயரைச் சொன்னார். நன்றியாகத்தான் சொன்னார், அதில் குறையில்லை. ஆனால் அவர் கை மேசைமேல் இருந்தது, என் கையைத் தொடவில்லை. வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. துடைக்க எனக்கு எதுவும் மிச்சம் இல்லை.

நியாயமாக அப்போதே அந்தப் பாட்டிலைக் குப்பையில் போட்டிருக்கலாம். போடாததற்குக் காரணம் உண்டு. அறுந்த பழக்கம் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வரும் என்று பாடத்தில் இருக்கிறது. முன்னெச்சரிக்கையாக அவ்வப்போது கொடுப்பது நல்லது என்று நினைத்தேன். இன்னொன்றும் பாடத்தில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் சோறு விழும் என்று பழகிய எலிக்குத் திடீரென்று சோறு விழுவது நின்றால், அது உடனே விட்டுவிடாது. முன்னைவிட வேகமாக, முன்னைவிட அதிகமாக அழுத்தும். கூண்டைக் கடிக்கும். இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை, விட்டுவிடுங்கள்.

அவர் சமைக்க வந்தால் நான் முந்திக்கொண்டேன். சிட்டிகை கரண்டியானது. குடிக்காத மனிதர் வாந்தி எடுக்க ஆரம்பித்தார்.

அப்போது நடந்ததை நான் திட்டமிடவில்லை. யாரும் அவரை நம்பவில்லை, அவ்வளவுதான். அவர் திரும்பவும் தொடங்கிவிட்டார் என்று நண்பர்கள் பேசிக்கொண்டார்கள். டாக்டரிடம் நானும் போனேன். பரிசோதனை எதுவும் எழுதுவதற்கு முன்னால், கதவருகே நின்று டாக்டரிடம் தாழ்ந்த குரலில், அவர் வெளியே சொல்ல வெட்கப்படுகிறார் என்றேன். டாக்டர் புரிந்துகொண்டு என் தோளைத் தட்டினார். வயிற்றெரிச்சலுக்கு மாத்திரையும், குடியை நிறுத்துவது பற்றி ஒரு துண்டுத்தாளும் கொடுத்தார். பிரசாத் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மஹதியைப் பக்கத்தில் இழுத்து, அவள் தலையில் கை வைத்தார்.

“இவ மேல சத்தியமா நான் ஒரு சொட்டுகூடத் தொடல தேவி. நீயாவது நம்பு.”

தேவி என்றார். அவர் உண்மை சொல்கிறார் என்று இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் நிச்சயமாகத் தெரியும்.

“இதோட எத்தனை சத்தியம் கேட்டுட்டேன்” என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அவருக்கே அவர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் குடிக்கிறேனா என்று கேட்டார். காரில், அலமாரியில், தோட்டத்துக் கொட்டகையில் பாட்டில் இருக்கிறதா என்று தானே தேடினார். கன்னம் ஒட்டிப் போயிற்று, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன். தரையில் சாய்ந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், முன்னைவிட அதிகமாக. அந்த மாதங்களில் நான் மிகவும் பொறுமையாக இருந்தேன். சமையலறையில் பாட்டுக்கூட முணுமுணுத்தேனாம், மஹதி சொன்னாள்.

மஹதியைப் பற்றி எழுத வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு சுற்றிவந்தேன்.

அடித்துச் சொல்லிக்கொடுப்பதைவிடக் குழந்தை பார்த்துக் கற்றுக்கொள்வதுதான் அதிகம். இன்னொருவர் ஒன்றைச் செய்கிறார், அதனால் அவருக்கு நல்லது நடக்கிறது என்று கண்டால் போதும், தான் பரிசு வாங்காமலே அதைக் கற்றுக்கொண்டுவிடும். என் மாமியாரைப் பார்த்து நான் கற்றது போல என்று சொல்லலாம். அப்பா சுகமாக இருக்கும் நாளில் அம்மா பாத்திரத்தை உருட்டுவாள், பேச மாட்டாள். அப்பா படுத்துவிட்ட நாளில் அம்மா பூரி சுடுவாள், டிவி பார்க்க விடுவாள், தலையைக் கோதி முத்தம் கொடுப்பாள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு இது புரிய என் கல்லூரி மாணவிகள் அளவுக்குப் படிப்பு வேண்டாம். பாட்டிலைக் காட்டி ஒரு நாள் கேட்டாள். அப்பாவுக்கு மருந்து என்றேன். “பட் இட் மேக்ஸ் ஹிம் சிக்” என்றாள். நான் பூரிக்கு மாவு பிசைந்துகொண்டே இருந்தேன்.

ஈஸ்டர் கழிந்து செல்வரத்தினம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிரசாத்தை ஒரு சனி ஞாயிறு தன் வீட்டில் வைத்திருந்து அனுப்பியவர் அவர். அங்கே மூன்று வேளையும் சாப்பிட்டு, ஒரு முறைகூடக் குமட்டவில்லையாம். வாசலில் நின்றபடியே பேசினார், நான் கொடுத்த தேநீரைத் தொடவில்லை.

“தம்பி பொய் சொல்லேல்ல, தங்கச்சி. குடிச்ச ஆளின்ர கண் எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் அவர் எங்கட வீட்டில இருக்கட்டும். சனிக்கிழமை காலமை வந்து கூட்டிக்கொண்டு போறன்.”

“நல்லதுண்ணா” என்றேன். அவர் போன பிறகு அடுப்படியில் நின்று, அப்பா போயிட்டா அம்மாவுக்கு யார் இருக்கா என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். மஹதி மேசையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் நொய்க்கஞ்சி வைத்தேன். கொஞ்ச காலமாக அது ஒன்றுதான் வீட்டில் அவர் வயிற்றில் தங்கியது, ஏனென்றால் அதில் மட்டும் நான் எதுவும் கலந்ததில்லை. அன்றைக்குக் கலந்தேன். அன்று அவர் பயணம் போகக் கூடாது, அதற்கு வேண்டிய அளவு போட்டேன். கிண்ணத்தை மேடையில் வைத்துவிட்டு அவர் பையை எட்டிப்பார்க்க உள்ளே போனேன். துணியெல்லாம் மடித்து வைத்திருந்தார், கடையில் நான் மடிப்பதைவிட நேர்த்தியாக.

திரும்பி வந்தபோது மஹதி ஸ்டூலில் ஏறி நின்றிருந்தாள். ஏலக்காய் பாட்டில் திறந்திருந்தது. கரண்டியால் அள்ளிக் கிண்ணத்தில் போட்டாள், நான் செய்வது போலவே இடமாக இரண்டு சுற்று, வலமாக ஒரு சுற்று கலக்கினாள். கரண்டியை விளிம்பில் தட்டினாள். என்னைப் பார்த்ததும் பயப்படவில்லை.

“டோன்ட் வொரி அம்மா. ஹீ வில் ஸ்டே.”

கிண்ணம் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கழுவும் தொட்டி பக்கத்திலேயே இருந்தது. கொட்டிவிட்டு வேறு கஞ்சி வைக்க அரிசி இருந்தது. இதையெல்லாம் அதிகாரி நிச்சயம் கேட்பார், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்து, சமர்த்து என்றேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தேன்.

அவருக்கு வேண்டியிருக்கவில்லை. கிளம்புகிற நேரத்தில் என் மனம் கோணக் கூடாது என்று குடித்தார். “நல்லாருக்கு” என்றும் சொன்னார்.

செல்வரத்தினம் அண்ணன் வந்து அழைப்புமணியை அடித்தபோது அவர் வாசல் நடையில் பையின் மேல் விழுந்துகிடந்தார். வாயோரம் நுரை. நான் வாளியும் டெட்டாலும் எடுத்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவர் கை என் கையில்தான் இருந்தது, ஆனால் பிடி இல்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அண்ணன்தான். கஞ்சிக் கிண்ணத்தைக் கைக்குட்டையால் மூடிப் பத்திரப்படுத்தியதும் அவர்தான். என்னை ஒரு முறை பார்த்தார். மலத்தை மிதித்தவர் காலைப் பார்ப்பது போலப் பார்த்தார். படிக்காத மனிதர், என்ன சொல்ல.

பிரசாத் உயிரோடு இருக்கிறார். மூளைக்குச் சற்று நேரம் ரத்தம் போகவில்லை என்றார்கள். பேச்சு இல்லை, கண் திறந்திருக்கிறது, ஊட்டினால் விழுங்குகிறார். மஹதி இப்போது செல்வரத்தினம் அண்ணன் மனைவி சரோஜாதேவியிடம் இருக்கிறாள். அங்கே அவளைக் கேள்வி கேட்க ஒரு அம்மா பொம்மைகளோடு வந்ததாகச் சொன்னீர்கள். கேட்க வேண்டாம் என்று அதிகாரியிடம் சொல்லுங்கள். அந்தக் கிண்ணத்தில் இருந்தது முழுவதும் நான் போட்டது என்று எழுதிக்கொள்ளட்டும். அவள் ஒரு பாவமும் அறியாதவள், நல்ல பிள்ளை, ஒரு தடவை பார்த்தால் எதையும் பிடித்துக்கொள்வாள்.

அவர் கண் திறந்த முதல் நாள் என்னை ஆஸ்பத்திரிக்குள் விட்டார்கள், கஞ்சிக் கிண்ணத்தின் சோதனை முடிவு அப்போது இன்னும் வரவில்லை. ஒரு நர்ஸ் அவருக்கு உப்புச்சப்பில்லாத மஞ்சள் கூழ் ஒன்றை ஊட்டிக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளையாக வாங்கிக்கொண்டிருந்தார். நான் கதவருகே நின்று “என்னங்க” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. தொண்டை எக்கியது, உடம்பு வில்லாக வளைந்தது, உள்ளே போன அத்தனையும் வெளியே வந்தது. நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னாள். நான் போகவில்லை, துணியைத் தேடினேன்.

அந்தக் கூழ்தான் காரணம், பார்த்தாலே தெரிகிறது. இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாமல் மொழிபெயர்த்து அவர்களிடம் சொல்லுங்கள், கஜந்தினி. அவர் வீட்டுக்கு வந்ததும் கஞ்சி நான்தான் வைத்துக் கொடுக்க வேண்டும். வேறு யார் கைச்சமையலும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.